பாவுக்கு அந்தப் பக்கம்

தீயணைப்பு அதிகாரி வருவதற்கு இன்னும் நாற்பத்தேழு மணி நேரம் இருந்தது. கணக்குப் போட்டது தாரணி அல்ல. அவள் அண்ணன் சக்திவேல்தான் சனிக்கிழமை மதியம் அப்பாவின் ஜவுளிக் கடையின் நான்காவது மாடிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"திங்கக்கிழமை பதினோரு மணிக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வாராங்க. நாப்பத்தேழு மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் இந்த மாடியில ஒரு துரும்பையும் நகர்த்தாத, என்னட்டி?"

அவன் சொல்லி முடிக்கவும், நடைபாதைக் கோடியில் இருந்த கல் தானாக நகர்ந்தது. 'டொக்' என்று ஒரு சத்தம். குழந்தைகள் பிரிவில் கவுன் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சக்திவேலும் திடுக்கிட்டான். பிறகு சிரித்துச் சமாளித்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அது அம்மாவின் அம்மிக்கல். மிக்ஸி வந்த பிறகு அடையாறு வீட்டுக் கொல்லையில் கிடந்ததைத் தாரணிதான் தூக்கி வரச் சொன்னாள். இசூஃபுக்கு ஒரு கனமான கல் வேண்டியிருந்தது.

இசூஃப் மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாஸோவிலிருந்து வந்த நெசவாளி. ஒல்லியான ஆள். ஏசி குளிருக்குப் பயந்து காதுவரை இழுத்து விட்ட கம்பளிக் குல்லாவோடுதான் எப்போதும் உட்கார்ந்திருப்பார். அவர் நெய்யும் துணி ஒரு கை அகலம்கூட இருக்காது. நீளமான பட்டை. அப்படிப் பல பட்டைகளை நெய்து, ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்தால்தான் அது போர்வையாகும். நம் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை உருளையில் சுற்றி வைத்திருப்பார்கள். அவருடைய தறியில் பாவு திறந்த வெளியில் நேராக நீண்டு கிடக்கும். அதன் மறுமுனையை ஒரு பலகையில் கட்டி, பலகை மேல் கல்லை வைத்துவிடுவார். நெய்த துணியை அவர் தன் பக்கம் சுற்றச் சுற்ற, கல் தரையில் இழுபட்டு அவரை நோக்கி வரும். கல் அவர் காலடிக்கு வந்து சேர்ந்தால் பாவு முடிந்தது என்று அர்த்தம்.

கடையின் வழவழப்பான டைல்ஸில் முதல் நாள் பலகை வழுக்கியது. நூல் தொய்ந்தது. தேங்காய்நார் விரிப்பைப் போடச் சொன்னவள் தாரணி. அவள் இயற்பியல் படித்தவள். உராய்வு அவளுக்குத் தெரிந்த சங்கதி. விரிப்பைப் போட்டதும் பாவு விறைத்து நின்றது. ஆனால் கல் சீராக நகரவில்லை. வெகுநேரம் அசையாமல் இருந்துவிட்டு, யாரும் எதிர்பாராத போது ஒரு சாண் குதித்தது. அந்தக் குதிப்புக்கும் அவள் பாடத்தில் ஒரு பெயர் இருந்தது. பெயர் தெரிந்திருந்தும், ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர்களை இங்கே அழைத்து வந்ததும் அவள்தான். அடையாறில் நடந்த ஒரு கைத்தொழில் கண்காட்சியில் இசூஃபையும் அவர் மனைவி மரியமையும் பார்த்தாள். கூட்டத்தின் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள். யாரிடமும் போய்ப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அன்று எப்படியோ பேசிவிட்டாள். ஆடித் தள்ளுபடிக்கு நான்காவது மாடியில் 'உலகப் பருத்தி' என்று ஒரு காட்சி வைக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னபோது, நல்லசிவம் மகளை ஆச்சரியமாகப் பார்த்தார். "எம் பிள்ளைக்கும் யாவாரம் வருதே" என்றார்.

பாவு விரிக்க நீளமான, நேரான, யாரும் சாமான் அடுக்காத இடம் வேண்டும். தி.நகர் ஜவுளிக் கடையில் அப்படி இடம் ஏது? குழந்தைகள் பிரிவுக்கும் கண்ணாடிச் சுவருக்கும் நடுவில் ஒரு நடைபாதை மட்டும் காலியாகக் கிடந்தது. அதன் கோடியில் ஒரு சாம்பல் நிறக் கதவு. கதவுக்கு மேலே ஓடும் மனிதன் பொறித்த பச்சை விளக்கு. நடைபாதை வாயில் தறி, கதவடியில் கல், நடுவே நெடுக வெள்ளை நூல். தாரணி இடத்தைக் காட்டியதும் சக்திவேல் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு, "நல்ல இடம். அங்கயே போடு" என்றான். அவன் அவ்வளவு சீக்கிரம் எதற்கும் சரி என்று சொன்னதில்லை.

"இன்னா தாரணிம்மா, உங்க அண்ணன் வந்தா கல்லே பயந்து ஓடுது?"

உமர் ஃபாரூக் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். திருவல்லிக்கேணிக்காரர். ஆப்பிரிக்காவில், அபிஜான் நகரத்தில் ஒரு முந்திரிக் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்து, இசூஃப் பேசும் ஜுலா மொழியைச் சந்தையில் கற்றுக்கொண்டவர். இப்போது மொழிபெயர்ப்பு. பொதுமக்கள் கேட்காத கேள்விகளுக்கும் அவரே பதில் சொல்லிக்கொள்வார்.

தாரணி சிரித்தாள்.

"அத்த வுடுங்க. இவரு ஒண்ணு கேக்குறாரு. அந்தக் கதவு உள்ளார தொறக்குமா, வெளிய தொறக்குமா? அந்தாண்டேர்ந்து எவனாச்சும் தள்ளிக்கினு வந்தா கல்லு சாஞ்சிடும், நூலு சிக்காயிடும்ன்றாரு. வந்த நாளா கேட்டுக்கினு கீறாரு."

"கேட்டுச் சொல்றேன் பாய்."

கீழே பில்லிங் பக்கம் போய்ச் சக்திவேலிடம் கேட்டாள். அவன் போனிலிருந்து தலையெடுக்கவில்லை.

"அது எமர்ஜென்சி கதவு. யாரும் திறக்க மாட்டாங்கன்னு சொல்லு."

"எந்தப் பக்கம் திறக்கும்னுதான் கேக்காரு, அண்ணே."

"யாரும் திறக்க மாட்டாங்கன்னு சொல்லுட்டி."

தாரணி மேலே வந்தாள். மரியம் ஓரமாக ஜமக்காளத்தில் உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருந்தாள். மெல்லிய குச்சியில் களிமண் குண்டு கோத்த தக்ளியை ஒரு கிண்ணத்துக்குள் நிறுத்தி, வலது கையால் சுழற்றுவாள். இடது கை பஞ்சிலிருந்து நூலை இழுத்துக்கொண்டே மேலே போகும். விரல் வழுக்கிச் சுழற்ற அவளுக்குச் சாம்பல் வேண்டும். முதல் நாள் சாம்பல் கேட்டபோது கடையில் எங்கே போவது? அம்மா பங்கஜம் பூஜை அலமாரியிலிருந்து திருச்செந்தூர் விபூதிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். மரியம் அதில் விரலைத் தோய்த்து, முகர்ந்து பார்த்து, ஏதோ சொன்னாள். "ஃபர்ஸ்ட் கிளாஸ் சாம்பலாம்" என்றார் உமர் ஃபாரூக். அம்மா சந்தோஷப்படுவதா கன்னத்தில் போட்டுக்கொள்வதா என்று தெரியாமல் நின்றாள்.

மரியமின் கூடையிலிருந்து தாரணி துளிப் பஞ்சை எடுத்துக்கொண்டாள். நூலுக்குப் பக்கமாகவே ஒட்டி நடந்து கதவுக்குப் போனாள். ஏசி போட்ட மாடியில் உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். எந்தக் கதவின் இடுக்கிலும் காற்று வெளியே கசியும். பஞ்சைக் கதவின் அடி இடுக்கில் பிடித்தாள். அது அசையவில்லை. பக்க இடுக்கில் பிடித்தாள். அங்கும் அசையவில்லை. பஞ்சின் ஒவ்வொரு இழையும் அவள் விரலிலேயே நின்றது. குனிந்து பார்த்தாள். இடுக்கில் வெளிச்சமும் இல்லை.

அவள் படியிறங்கிப் பின்பக்கச் சந்துக்குப் போனாள். டீக்கடையில் ஒரு டீ வாங்கி, நிமிர்ந்து பார்த்தாள்.

பள்ளிக்கூட நாட்களில் அந்தப் பின்சுவரில் வளைந்து வளைந்து ஏறும் ஓர் இரும்புப் படி இருந்தது. அதில் உட்கார்ந்து மாங்காய் தின்றிருக்கிறாள். அவள் கோவையில் படித்த வருடங்களில் அப்பா பின்பக்க மனையை வாங்கி அதில் சரக்குக் கிடங்கு கட்டினார். பூஜை போட்ட படத்தைப் போனில் அனுப்பியிருந்தார்கள். அவளும் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பியிருந்தாள்.

இரும்புப் படி இல்லை. கிடங்கின் சுவர் கடையின் முதுகோடு முதுகு ஒட்டி, தரையிலிருந்து உச்சிவரை நின்றது. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஒரு கத்தியை நுழைக்கவும் இடம் இல்லை.

தாரணி டீயை ஆற்றாமல் குடித்தாள். நாக்கு வெந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை, அடையாறு வீட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. தாரணி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா பார்த்துவிட்டார்.

"என்னம்மா, மூஞ்சி செத்துக் கிடக்கு?"

"நேத்து பின்சந்துக்குப் போயிருந்தேன்ப்பா."

சக்திவேலின் கை சட்னிக் கிண்ணத்தில் நின்றது. அப்பா நிறுத்தவில்லை. ஒரு விள்ளலைப் பிட்டு, தோய்த்து, வாயில் போட்டு, மென்று விழுங்கினார். பிறகு சொன்னார்:

"ஆடி முடியட்டும்மா. முடிஞ்ச மறுநாளே ஆளைக் கூப்ட்டுச் சுவரைப் பொளந்து வழி விட்டுருதேன். உங்கம்மை தலை மேல சத்தியம்."

"எந்தலைய எதுக்கு இழுக்கீங்க?" என்றாள் பங்கஜம் அடுக்களையிலிருந்து.

"லைசென்ஸு கைக்கு வரலைன்னா கடைக்குச் சீல் வச்சிருவாம்மா. ஆடியில சீல் விழுந்தா தீபாவளிக்கு எவன் சரக்குத் தருவான்? இத்தன பேரு வீட்டுல அடுப்பெரியணும்லா?"

"நாளைக்கு ஆபீசர் பாப்பாருல்ல?" என்றாள் தாரணி.

"பாக்க மாட்டாரு." சக்திவேல் இப்போது சாவகாசமாகச் சாய்ந்துகொண்டான். "எப்படிப் போவாரு? பாவு கிடக்கு. விரிச்ச பாவை எவனாவது தாண்டுவானா? அப்பா, நீங்க சொல்லுங்க."

"தாண்டப்படாது" என்றார் நல்லசிவம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தானாகவே தாழ்ந்தது. சின்ன வயதில் தறிக்காரத் தெருவில் துணி எடுத்துச் சைக்கிளில் சுமந்து விற்றவர் அவர். தெருவில் பாவு விரித்திருந்தால் சைக்கிளை நிறுத்திவிட்டு, அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவார். "தாண்டுனா அந்தத் துணி வெளங்காது. கட்டுனவனும் வெளங்க மாட்டான்."

"பாத்தியா? அந்தக் கறுப்பருக்கும் அப்படித்தான் இருக்கும். நெசவுன்னா எல்லா ஊர்லயும் நெசவுதானே. நூலை நகர்த்த முடியாது, நகர்த்துனா அபசகுனம்னு பாயி சொல்லிருவாரு. சொல்லச் சொல்லியாச்சு. ஆபீசர் இந்தப் பக்கத்துலயே நின்னு, பச்சை விளக்கைப் பாத்துட்டு, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாரு. நீதான் வழி காட்டுன. நான் உனக்கு மாலை போடணும்."

தாரணிக்கு அப்போதுதான் புரிந்தது, அவன் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னது எதற்காக என்று.

"தீப்பிடிச்சா?" என்றாள்.

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"வாயைக் கழுவுட்டி" என்று பங்கஜம் வெளியே வந்தாள். "விடிஞ்சதும் விடியாததுமா, ஆடி ஞாயித்துக்கிழமை அதுவுமா, என்ன பேச்சு இது!" கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பை நிஜமாகவே நீட்டினாள். தாரணி வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

சக்திவேல் எழுந்து கை கழுவப் போகிற போக்கில் சொன்னான்: "நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். பேசாம இரு, போதும். உனக்குத்தான் அது நல்லா வருமே."

*

அன்று நான்காவது மாடி நிரம்பி வழிந்தது. லிஃப்டில் ஏற வரிசை. முன்பக்கப் படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார்கள். இடுப்பில் குழந்தை, கையில் பை, வாயில் போன். குழந்தைகள் பிரிவில் யாரோ ஒரு பையனுக்குப் பீப்பீ என்று கத்தும் செருப்பைப் போட்டுவிட்டு, அவன் ஓடுவதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கல் கதவை விட்டு வெகுவாக நகர்ந்துவிட்டது. இசூஃப் வேகக்காரர். காலையில் சக்திவேல் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தான். "அந்தாளை மெதுவா நெய்யச் சொல்லுங்க பாய்" என்றான். உமர் ஃபாரூக் சொன்னார். இசூஃப் குல்லாவைச் சரி செய்துகொண்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"என்ன சொன்னாரு?"

"குளிருதாம் தம்பி. ஸ்லோ பண்ணா வெறச்சிடுவாராம்."

அரை மணி நேரத்தில் கிடங்கிலிருந்து பஞ்சு மூட்டைகள் வந்தன. கல்லுக்கும் கதவுக்கும் நடுவே விழுந்த இடைவெளியில் அவற்றை அழகாக அடுக்கி, 'பருத்தியின் பயணம்' என்று பலகை வைத்தார்கள். வாடகை விளக்குகள் இரண்டைக் கொண்டு வந்து அதன் மேல் மஞ்சளாக வெளிச்சம் விழ வைத்தார்கள். எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

தாரணி விளக்கின் பின்பக்கம் கையைக் கொண்டுபோனாள். தொட முடியவில்லை. அவ்வளவு சூடு. அங்கே நின்ற எலெக்ட்ரீஷியனிடம் தள்ளி வைக்கச் சொல்ல வாயெடுத்தாள். அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். முடிக்கட்டும் என்று நின்றாள். அவன் பேசிக்கொண்டே கீழே போய்விட்டான்.

மரியம் கம்பிப் பற்கள் வைத்த மரப்பலகையால் பஞ்சைச் சிக்கெடுக்கும்போதெல்லாம் மெல்லிய தூசு கிளம்பி வெளிச்சத்தில் மிதந்தது. குழந்தைகள் அதைப் பிடிக்கக் கை நீட்டினார்கள். தாரணி அந்தத் தூசு எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். விளக்கின் தலையில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் சேர்ந்திருந்தது. நாலு மணி வாக்கில் அங்கிருந்து முடி கருகுவது போல ஒரு வாடை வந்தது.

அவள் நகர்வதற்குள் படலம் சிவந்தது. ஒரு திரி அளவு. அது கழன்று, மெல்ல, அவசரமே இல்லாமல், மூட்டை மேல் இறங்கியது.

மரியம் எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. கையில் இருந்த மரப்பலகையால் ஒரே அறை. பிறகு உள்ளங்கையால் தேய்த்தாள். கறுப்பாக ஒரு பொட்டு மட்டும் இருந்தது. அவள் கையை உதறிக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் அதற்குள் யாரோ "தீ!" என்று கத்திவிட்டார்கள்.

மாடி முழுக்க ஒரே தலையாகத் திரும்பியது. முன்படி பக்கம் யாரும் போகவில்லை. அங்கே ஆள் ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லார் கண்ணும் பச்சை விளக்கைத்தான் பார்த்தன. தறிக்கு இரண்டு பக்கமும் புகுந்து நடைபாதைக்குள் வந்தார்கள். அந்த அவசரத்திலும் ஒருவர்கூட நூலைத் தாண்டவில்லை. இந்தப் பக்கம் வந்தவர் இந்தப் பக்கமே, அந்தப் பக்கம் வந்தவர் அந்தப் பக்கமே. பாவு மட்டும் நடுவில் ஓர் இழையும் அசையாமல் நின்றது.

முதலில் போய்ச் சேர்ந்தது இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மாள். ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டு, கதவின் குறுக்குக் கம்பியில் கையை வைத்து அழுத்தினாள். தோளால் இடித்தாள். தாரணி அந்தக் கையையே பார்த்தாள். கண்ணாடி வளையல் கம்பியில் மோதிக் கிணுங்கியது.

"ஒண்ணியும் இல்ல! அணைஞ்சிடுச்சு! ஒண்ணியும் இல்ல!" என்று உமர் ஃபாரூக் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார். யாரோ சிரித்தார்கள். கூட்டம் தளர்ந்தது. வந்த வழியே திரும்பினார்கள். கத்தினவன் யார் என்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டார்கள்.

அந்த அம்மாள் தாரணியின் பக்கத்தில் நின்றாள். சட்டையில் குத்தியிருந்த, கடைப் பெயர் பொறித்த பட்டையைப் பார்த்து, இவள் கடைக்காரப் பெண் என்று தெரிந்துகொண்டாள்.

"ஏம்மா, அந்தக் கதவு பூட்டிக் கீது பாரு. பசங்க வர்ற எடம். தொறந்து வைக்கச் சொல்லு."

"சரிக்கா" என்றாள் தாரணி.

அந்த அம்மாள் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கவுன் மாட்டியிருந்த பக்கம் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து உமர் ஃபாரூக் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"தாரணிம்மா, உங்க அண்ணன் எனக்கு ஒரு வேலை குட்துகீறாரு. நாளைக்கு ஆபீசர் இன்னா கேட்டாலும், பாவை நகத்த முடியாதுன்னு இவரு சொல்றதா நான் சொல்லணுமாம். எனுக்கு இன்னா, சொல்லிட்டுப் போறேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். அப்டி இன்னாதான் கீது அந்தாண்ட?"

தாரணி வாயைத் திறந்தாள். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"சாப்ட்டீங்களா பாய்?" என்று கேட்டாள்.

*

அதிகாரியின் பெயர் கணேசமூர்த்தி. நாற்பது வயதுக்குள் இருக்கும். சொன்ன நேரத்துக்கு வந்தார், காபி வேண்டாம் என்றார். அடித்தளத்திலிருந்து ஒவ்வொரு மாடியாக நடந்தே ஏறினார். சிவப்பு உருளைகளைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார், ஒரு விற்பனைப் பெண்ணை நிறுத்தி அலாரம் எங்கே என்று கேட்டார். அவள் சரியாகக் காட்டியதும், "நல்லது தாயி" என்றார். அவர் மோசமான ஆளாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று தாரணி நினைத்திருந்தாள்.

நான்காவது மாடியில் தறியைப் பார்த்ததும் அவர் நடை தானாக நின்றது.

"அட" என்றார்.

இசூஃப் நெய்துகொண்டிருந்தார். தலைக்கு மேல் கப்பி கிறீச்சிட்டது. கால் கட்டைவிரல்கள் மாறி மாறிக் கயிற்றை இழுத்தன. கணேசமூர்த்தி குனிந்து பார்த்தார். நூலுக்கு ஓரடி முன்னாலேயே கால்களைச் சேர்த்து நின்றுகொண்டார்.

"எங்க சித்தப்பா வீட்டுல தறி உண்டு. சின்னப் புள்ளையில ஒருக்கா பாவைத் தாண்டிட்டேன். வேப்பங்குச்சியால வெளுத்துட்டாரு."

"அதேதான் சார்" என்றான் சக்திவேல். அவன் முகம் மலர்ந்தது. "இவங்களும் அப்படித்தான். ரொம்ப ஐதீகம் பாப்பாங்க."

"வெளியேறுற வழி இதானே?" அதிகாரி நடைபாதையின் நீளத்தைப் பார்த்தார். பச்சை விளக்கைப் பார்த்தார். "மூட்டையை எடுத்துரணும் தம்பி. நூலையும் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்க. கதவைத் திறந்து பாத்துட்டுப் போயிடுறேன்."

"நகர்த்த முடியாது சார். பாயி, கேட்டுச் சொல்லுங்க சாருக்கு."

உமர் ஃபாரூக் ஜுலாவில் கேட்டார். இசூஃப் தலை நிமிர்ந்து, பல் தெரியச் சிரித்து, நீளமாக ஏதோ சொன்னார். உமர் ஃபாரூக் தாரணியை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"முடியாதுன்றாரு சார்."

ஆனால் இசூஃப் அதற்குள் எழுந்துவிட்டார். மனைவியைப் பார்த்து நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தார். மரியம் ஜமக்காளத்திலிருந்து எழுந்தாள். கையில் தக்ளி அப்படியே இருந்தது. நேராக வந்து, பாவை ஒரு கால், பிறகு மறு கால் என்று தாண்டி அந்தப் பக்கம் போனாள். வாசல்படியைத் தாண்டுகிற மாதிரி. அதுவும் போதாமல் திரும்பி ஒரு தரம் தாண்டினாள், தக்ளியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு வருவதற்கு.

விற்பனைப் பெண்களில் ஒருத்தி "ஐயோ" என்றாள். கணேசமூர்த்தியின் கை அவரை அறியாமல் அவர் பின்னந்தொடையைத் தொட்டது. சக்திவேலுக்கு வாய் பாதி திறந்திருந்தது.

இசூஃப் கல்லைத் தூக்கி ஓரமாக வைத்தார். மரியம் நூலைக் கை மேல் கை போட்டு, கன்றுக்குட்டிக் கயிற்றைச் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே வந்தாள். அவர்கள் ஊரில் பாவு வழியில் கிடக்கும். ஆடு வரும், சைக்கிள் வரும். வந்தால் எடுப்பார்கள், போனால் போடுவார்கள். அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் நடைபாதை காலியாக இருந்தது. மூட்டைகளும் கதவும் மட்டும் நின்றன.

"வேண்டாம், வேண்டாம், சிக்காயிரும்!" என்று சக்திவேல் கத்தியது அதற்குப் பிறகுதான்.

"அவரே எடுத்துட்டாரே தம்பி" என்றார் கணேசமூர்த்தி. உமர் ஃபாரூக்கை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உமர் ஃபாரூக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி நடைபாதைக்குள் நடந்தார்.

"சார், சார்." சக்திவேல் பின்னாலேயே ஓடினான். அவன் குரல் மாறிவிட்டிருந்தது, கெஞ்சுகிற குரல். "கதவு பூட்டியிருக்கு சார். இந்த மூட்டையெல்லாம் வச்சதால யாரும் தொட வேண்டாம்னு நேத்துதான் பூட்டுனோம். சாவி அப்பாகிட்ட இருக்கு. அவர் திருச்செந்தூர் போயிருக்காரு. நாளைக்கு வந்துருவாரு. நாளைக்கே திறந்து, வீடியோ எடுத்து அனுப்பிருதேன் சார். சத்தியமா."

அப்பா முதல் மாடியில், பட்டுப் பிரிவில் உட்கார்ந்திருந்தார்.

கணேசமூர்த்தி நின்றார். மூட்டைகளைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எமர்ஜென்சி கதவைப் பூட்டவே கூடாது தம்பி. இது தெரியாதா உங்களுக்கு?"

"தப்புதான் சார்."

"மத்ததெல்லாம் சுத்தமா வச்சிருக்கீங்க. அதான் யோசிக்கிறேன்." அவர் பெருமூச்சு விட்டார். "சரி. இன்னைக்கே மூட்டையை எடுங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள திறந்த கதவோட படம் என் நம்பருக்கு வரணும். வரலைன்னா நானே வருவேன்."

"கண்டிப்பா சார். கண்டிப்பா."

சக்திவேலின் தோள் தாழ்ந்தது. எந்தக் கதவையாவது திறந்து வைத்து ஒரு படம் எடுத்துவிடலாம். ஊரில் கதவுக்கா பஞ்சம். அவன் தாரணியைப் பார்த்துக் கண்ணால் லேசாகச் சிரித்தான். முடிந்தது என்கிற சிரிப்பு.

கணேசமூர்த்தி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கண்ணாடிச் சுவரின் மேல் காகிதத்தை வைத்து அழுத்தினார். குழந்தைகள் பிரிவில் ஒரு சிறுமி புதுக் கவுனோடு கைகளை விரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா விலைச் சீட்டைப் பிடிக்க அவள் பின்னால் சுற்றினாள். தாரணி அந்தச் சிறுமியைப் பார்த்தாள். பிறகு பேனா முனையைப் பார்த்தாள்.

"சார்" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் குரல் எப்போதும் அப்படித்தான். பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. நடைபாதைக்குள் இறங்கி நடந்தாள். சக்திவேல் அவளைப் பார்த்தான். சிரிப்பு அவன் முகத்தில் மெல்ல அவிந்தது. "ஏட்டி" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு, "கீழ போ. அப்பா கூப்பிடுதாரு."

"சார்!"

அது கத்தலாகவே வந்துவிட்டது. இசூஃபும் மரியமும் திரும்பிப் பார்த்தார்கள். கணேசமூர்த்தி பேனாவை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினார்.

"சொல்லும்மா."

"அந்தக் கதவுக்குச் சாவி கிடையாது சார். அதுக்குப் பின்னால படி இல்ல. செங்கல் சுவருதான் இருக்கு. நாங்கதான் கட்டுனோம்."